முதலாளிக்கு ஒரு பெயர் இருந்தது

1

போன திங்கட்கிழமை எங்கள் சலவைக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பெயர் ரிஸ்னா, கண்டிக்குப் பக்கத்துத் திகனக்காரி. ஊரை விட்டு வந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லையாம். நானும் கண்டிப் பக்கம், அம்பிட்டிய என்று தெரிந்ததும் உயிர் வந்தவள்போல என் மேசைக்கு நகர்ந்து வந்து, துவாய் மடிக்கிற சாக்கில் காதோடு கேட்டாள்.

"அக்கா, இங்க லொக்கா யாரு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோப்பிக் கோப்பையோடு நின்ற எங்கள் மேலாளர் லிண்டாவைக் காட்டினேன்.

"அவங்கள நான் எப்பிடிக் கூப்பிட்ற?"

"லிண்டான்னு."

"சும்மா லிண்டாவா? மெடம்னு செல்லாட்டி கோவம் வராதா?"

"சொன்னாத்தான் வரும்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இது கனடாவின் நடுப்பகுதி. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மேடுகூட இல்லாத ஊர். மலையில் பிறந்த காலுக்கு இங்கே நடப்பதே வேலை இல்லாமல் நடப்பதுபோல இருக்கும். இங்குள்ள ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் துணி துவைத்து, காயவைத்து, மடிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் லிண்டாவை நான் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. "எக்ஸ்கியூஸ் மீ" என்பேன், அவ்வளவுதான். ஒரு நாள் துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து புகை வந்தது. சொல்வதற்காக லிண்டாவின் பின்னாலேயே நடைபாதை முழுக்க "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று ஓடினேன். அந்த மனுஷி, நான் அவசரமாக எங்கேயோ போகிறேன் என்று நினைத்துச் சுவரோரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். நான் அவளுக்கு முன்னால் போய் நின்று கையால் புகையைக் காட்ட வேண்டியதாயிற்று.

ரிஸ்னா வந்த அதே வாரம், ஒரு காணொளி அழைப்பு நடந்து மூன்று வருடம் நிறைந்தது. ஒருவருடைய பெயர் எனக்குத் தெரியாமல் இருந்ததால் என் குடும்பம் பெட்டி கட்ட வேண்டிய நிலைக்கு வந்த கதை அது. ஊரில் இருப்பவர்களுக்கு அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2

வேலையிடத்தில் நமக்கு மேலே இருக்கும் ஆளுக்குக் கண்டிப் பக்கத்தில் எத்தனை சொல் இருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஒரு வீட்டுக்குள்ளேயே நாலைந்து புழங்கின.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே மேலே இருந்தவர் தொரை. அதிலும் பெரியதொரை, சின்னத்தொரை என்று அளவு உண்டு. பிறகு அப்பா டவுனுக்கு வந்து ஒரு கந்தோரில் பியோனாகச் சேர்ந்தார். அங்கே மாத்தயா. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், யாராவது நீளக் காற்சட்டையோடு கேற்றைத் தட்டினால் அப்பாவின் வாயில் மாத்தயாதான் முதலில் வரும். அம்மா கன்னியாஸ்திரிகளின் தையல் அறையில் வேலை பார்த்தார். அவருக்கு மதர். தம்பி பஸ்ஸில் கொண்டக்டர். அவனுக்கு லொக்கா. லொக்கா என்பதில் பாதி மரியாதை, பாதி நக்கல். எந்தப் பாதி எப்போது வரும் என்பது அன்றைய வசூலைப் பொறுத்தது.

எனக்கு வாய்த்தது முதலாளி. முதல் போட்டவர் முதலாளி என்று படிக்கிற காலத்தில் சொல்லித் தந்தார்கள். கண்டியில் அப்படி இல்லை. வெற்றிலைக் கடை வைத்திருந்தாலும் முதலாளி, நாலு மாடியில் கடை வைத்திருந்தாலும் முதலாளி. சிங்கள ஆட்கள் வந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் முதலாளிக்கு மற்ற வியாபாரிகள் வைத்த பெயர் ஹாஜியார். சரக்கு எண்ணுகிற நாட்களில் அவர் சத்தம் போட்டால், நாங்கள் உள்ளே போய் எங்களுக்குள் பெரிசு என்போம்.

இங்கே இத்தனை சொல் இல்லை. பொஸ் என்று ஒரு சொல் உண்டு. அதையும் லிண்டா விடமாட்டாள். "நான் உனக்கு பொஸ் இல்லை, நாம் எல்லாரும் ஒரு குழு" என்பாள். ஆனால் யார் எந்த நாள் வர வேண்டும் என்று எழுதி ஒட்டுகிறவள் அவள்தான். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய குழப்பம். மேலே யாரும் இல்லை என்றால், ஒன்று நடந்தால் யாரிடம் போய் நிற்பது?

ஒன்று கவனித்தீர்களா? நம்முடைய இந்தச் சொல் எதிலும் அந்த ஆளின் பெயர் கிடையாது. பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை சொல். எங்கள் அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார். அதே கணக்குத்தான்.

3

கண்டி டவுனில் மொத்தமாகவும் சில்லறையாகவும் துணி விற்கிற கடை அது. முதலாளியின் வீடு அலவத்துகொட. நான் சாமான் அறைக்குப் பொறுப்பாக ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். எனக்குக் கீழே ஐந்து பேர்.

அந்தக் கடையில் காலையில் ஒரு வழக்கம். கதவு திறந்ததும் நாங்கள் எல்லாரும் மேசைக்கு முன்னால் போய் நிற்போம். முதலாளி, யார் யார் வந்தார்கள் என்று பதிகிற வரவு இடாப்பைத் திறந்து, ஒருவர் ஒருவராக முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். பெயர் கூப்பிடமாட்டார். யாரும் வந்தேன் என்று சொல்வதும் இல்லை. எழுதி முடித்துவிட்டு, "ம், போங்கொ" என்பார். கணக்கெழுத ஆள் வைத்திருந்தார், ஆனால் இடாப்பை மட்டும் யார் கையிலும் கொடுத்ததில்லை. என்னைக் கூப்பிடுவது எப்போதும் "புள்ள". எல்லாப் பெண்களும் புள்ளதான். ஒரே நேரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்போம்.

ஒரு முறை ஒரு கலியாண வீட்டுக்காரருக்குத் திரைச்சீலைத் துணி வெட்டும்போது பூ தலைகீழாக விழுகிற மாதிரி பன்னிரண்டு கஜத்தையும் வெட்டித் தொலைத்துவிட்டேன். அந்த ஆள் கடை அதிரக் கத்தினார். யார் வெட்டியது, கூப்பிடு என்றார். முதலாளி மேசையிலிருந்து எழும்பி வந்து, "வெட்டின நான்தான்" என்றார். முதலாளியே கத்தரிக்கோல் பிடிப்பாரா என்று கேட்கும் அளவுக்கு அந்த ஆளுக்குச் சமயோசிதம் இல்லை. புதுத் துணி வெட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல்: "தேத்தண்ணி குடிச்சிட்டு வா புள்ள."

அன்றைக்கு நான் சாமான் அறைக்குள் போய் அழுதேன். இப்படி ஒரு ஆளின் கீழ் வேலை செய்யக் கிடைத்ததே என்றுதான் அழுதேன்.

4

என் கணவர் பெனடிக்ட் இங்கே சமையல் வேலைக்கு வேலை அனுமதியில் வந்தவர். பின்னால் நானும் மகள் ஷெரினும் வந்தோம். அனுமதி முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தபோது நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டோம். பெனடிக்டின் படிப்பு அதற்குப் போதவில்லை. கடையில் பொறுப்பாளராக நான் பார்த்த ஒன்பது வருடம்தான் எங்கள் மனுவைத் தாங்க வேண்டிய தூண். அது விழுந்தால் மூன்று பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஷெரின் அப்போது பாடசாலையின் கடைசி வருடத்தில் இருந்தாள்.

படிவத்தை நிரப்பியவள் அவள்தான். எனக்குத் தட்டச்சு வராது. அவளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். உங்கள் மேலாளரின் முழுப்பெயர் என்ன என்ற கட்டம் வந்தது.

"முதலாளி," என்றேன்.

"அது அவருடைய வேலையின் பெயர் அம்மா. அவருடைய பெயர்?"

"ஹாஜியார்."

"அது மக்காவுக்குப் போய் வந்தவர் என்று அர்த்தம். ரிஸ்வான் சொல்லியிருக்கிறான்." ரிஸ்வான் அவளுடைய வகுப்புப் பையன். "அம்மா, ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறீர்கள்."

"ஆமா."

"பெயர் தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். இவள் தன் ரீச்சர்களின் நாய்க்குட்டிகளின் பெயர்கூடத் தெரிந்து வைத்திருப்பவள். லிண்டாவைக் கண்டால் "ஹாய் லிண்டா" என்று கட்டிப்பிடிப்பவள். அந்த நிமிடம் என் மகளுக்கு முன்னால் எனக்கு ரோசம் வந்துவிட்டது. எப்படித் தெரியாமல் இருக்கும்? கடை வாசலில் ஒரு ஆள் உயரத்துக்குப் பலகை தொங்கியதே. இஸ்மாயில் அன்ட் சன்ஸ். டவுனில் எல்லாரும் இஸ்மாயில் ஹாஜியார் கடை என்றுதானே சொன்னார்கள்.

"முஹம்மது இஸ்மாயில்," என்று கம்பீரமாகச் சொன்னேன். ஷெரின் எழுதினாள்.

நான் அங்கே வேலை செய்ததற்கான சேவைக் கடிதம் கடையிலிருந்து நேராகக் குடிவரவுக் காரியாலயத்துக்கே போக வேண்டும் என்பது விதி. முதலாளிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அட்ரெஸ அனுப்பு புள்ள, இண்டைக்கே அனுப்பிர்ர" என்றார். அன்றைக்கே அனுப்பியும் விட்டார். அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை.

5

மூன்று மாதம் கழித்துக் குடிவரவுக் காரியாலயத்திலிருந்து பதில் வந்தது. ஷெரின்தான் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் சிறுத்துக்கொண்டே போனது.

நான் மேலாளர் என்று எழுதிய முஹம்மது இஸ்மாயில் என்பவர், கடையின் பதிவுப் பத்திரத்தின்படி, நான் அங்கே வேலைக்குச் சேர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். எனக்குச் சேவைக் கடிதம் கொடுத்திருப்பவர் முஹம்மது இஸ்மாயில் அப்துல் ஹமீத் என்கிற வேறு ஒருவர். முப்பது நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். பொய்த்தகவல் என்று முடிவானால் மனு தள்ளப்படும், பிறகு பல வருடங்களுக்கு மனுவே போட முடியாது.

செத்துப்போன ஒருவரின் கீழ் நான் ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறேன் என்று என் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்திருந்தேன்.

பெனடிக்ட் போய்ப் பாத்திரம் கழுவினார். கோபம் வந்தால் அவர் பாத்திரம் கழுவுவார். அன்றைக்குக் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினார். ஷெரின் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அந்தக் கடிதத்தில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அப்துல் ஹமீத். எங்கள் முதலாளி. ஒன்பது வருடம் எனக்குத் தெரியாததைக் கனடா அரசாங்கம் எனக்குச் சொல்லித் தந்தது.

மறுநாள் போன் எடுத்தேன். கண்டியில் அப்போது பொழுது சாய்கிற நேரம். பின்னால் கடையின் இரும்புக் கதவை இழுக்கிற சத்தம் கேட்டது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும், கதவை இழுப்பவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்.

"முதலாளி?"

"வாப்பா மவுத்தாகி எத்தின வருஷம் தெரீமா புள்ள? அவர் இன்னம் கட நடத்துறாருண்டா எழுதீக்கிற?"

"மன்னிச்சிருங்க முதலாளி. பலகையில இருந்தது உங்க பேருன்னு நெனச்சிட்டேன். உங்க அப்பா பேருன்னு தெரியாது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, யாரையோ கூப்பிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்து, மறுபடியும் சிரித்தார். "உண்மையத்தான் எழுதீக்கிறாய். நான் அவர்ட எடத்துல சும்மா ஒக்காந்தீக்கிற, அவ்வளவுதான்" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. "புள்ளைக்குப் பரீட்சை எப்ப?"

ஷெரினைத்தான் கேட்டார். எங்கள் வீட்டில் என்ன விழப் போகிறது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

இரண்டு நாளில் என் போனுக்குப் படங்களாக வந்து விழுந்தன. பழைய வரவு இடாப்புகளின் பக்கங்கள். ஒன்பது வருடத்து இடாப்பையும் அலுமாரியிலிருந்து இறக்கி, தூசு தட்டி, என் பெயர் இருந்த பக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். என்னைப் புள்ள என்று மட்டும் கூப்பிட்ட மனிதர் ஒவ்வொரு நாளும் என் முழுப்பெயரையும் எழுதியிருந்தார். அந்தோனி ஜெசிந்தா மேரி. ஒரு நாள்கூடச் சுருக்கவில்லை. சில நாட்களில் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு இருந்தது. "மழை. பஸ் இல்லை. அம்பிட்டியவிலிருந்து நடந்து வந்தார்." "பிள்ளைக்கு அம்மை. வரவில்லை. நாளையும் வர வேண்டாம் என்றேன்." "பெரிய வெள்ளி. கோயில்." நேரில் "வா, போ" என்றவர், எழுத்தில் "வந்தார்" என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

ஷெரின் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். தமிழ் எழுத்தை அவள் கூட்டி வாசித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. "அம்மை என்றால்?" என்று கேட்டாள். சொன்னேன். "அது நானா?" என்றாள். அவளுக்கு நாலு வயதில் அம்மை வந்தது அவளுக்கே ஞாபகம் இல்லை.

6

படங்களை விளக்கக் கடிதத்தோடு அனுப்பினோம். அப்போதும் அவர்களுக்குத் திருப்தி இல்லை. என்னையும் முதலாளியையும் ஒன்றாகக் காணொளியில் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். எங்களுக்குக் காலை எட்டரை, முதலாளிக்கு இரவு எட்டு மணி. இஷா தொழுதுவிட்டு வந்து உட்காருகிறேன் என்றார்.

திரையில் மூன்று சதுரம். ஒன்றில் அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். ஒன்றில் நானும் மொழிபெயர்க்க ஷெரினும். மூன்றாவதில் முதலாளி. வெள்ளைத் தொப்பி, கழுத்து வரை பொத்தான் பூட்டிய சேட். அலவத்துகொட வீட்டின் முன்னறையில் ஒரு மரக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துப் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி. நான் ஊரை விட்டு வந்த இந்த ஆறு வருடத்தில் நன்றாக மெலிந்திருந்தார். மடியில் இடாப்பு.

அதிகாரி முதலில் அவரிடம் கேட்டாள். இந்தப் பெண் யார்?

அவர் மடியில் இருந்த இடாப்பைத் திறக்கவே இல்லை. "அந்தோனி ஜெசிந்தா மேரி," என்றார்.

என் பெயரை அந்தக் குரலில் அதுவரை நான் கேட்டதில்லை. அவர் தொடர்ந்து என் வேலை, என்னென்ன பொறுப்பு, எத்தனை பேர் எனக்குக் கீழே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஷெரின் மொழிபெயர்த்தாள். திரைச்சீலைத் துணியைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை.

பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முன்னால் திரையில் இருக்கும் இவர் யார்? முழுப்பெயரைச் சொல்லுங்கள்."

தெரியாமல் இல்லை. ஒரு மாதமாக அந்தப் பெயரைக் காகிதத்தில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். ஆனால் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. முதலாளியின் பெயரை முதலாளி முன்னாலேயே எப்படிச் சொல்வது? அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். ஷெரின் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். "அம்மா, ப்ளீஸ்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்.

அதிகாரி மறுபடியும் கேட்டாள். இவரைத் தெரியுமா, தெரியாதா?

முதலாளிக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும். என் முகம் அதைவிட நன்றாக விளங்கும். கதிரையில் சற்று முன்னுக்கு வந்தார்.

"செல்லு புள்ள. பேரச் செல்லு. கூப்பிடத்தானே வாப்பா வெச்ச."

நான் எழும்பி நின்றேன். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை, கால் தானாக நின்றது. அதிகாரியின் திரையில் அப்போது என் வயிறு மட்டும்தான் தெரிந்திருக்கும். அப்படி நின்றபடி, கடையில் யாரும் யாருடைய பெயரையும் கூப்பிடாத அத்தனை காலைகளுக்கும் சேர்த்து, சத்தமாகச் சொன்னேன்.

"முஹம்மது இஸ்மாயில் அப்துல் ஹமீத்."

முதலாளி தலையைக் கொஞ்சம் குனிந்தார்.

"வந்தீக்கிறேன்," என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டாள். ஷெரின் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், "தான் இங்கே இருப்பதாகச் சொல்கிறார்" என்றாள். அதிகாரி அதை எழுதிக்கொண்டாள். என்னை உட்காரச் சொன்னாள்.

7

ஆறு வாரத்தில் பதில் வந்தது. எங்களுக்கு அனுமதி. பெனடிக்ட் அன்றைக்குப் பாத்திரம் கழுவவில்லை, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். ஷெரின் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய போனில் அந்த அம்மைப் பக்கத்தின் படம் இன்னும் இருக்கிறது.

ரிஸ்னா இந்த வாரம் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். "லிண்டா மெடம்" என்கிறாள். லிண்டா இரண்டு நாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். போகட்டும், மெதுவாக வரட்டும். நான் அவசரப்படுத்தவில்லை.

அனுமதிக் கடிதம் வந்த அன்று முதலில் போன் எடுத்தது கண்டிக்குத்தான். மணி அடித்தது, அவரே எடுத்தார்.

"முதலாளி," என்றேன்.

"ஏன், படிச்ச பேரு மறந்திட்டா?" என்றார்.

"மறக்கல முதலாளி," என்றேன்.